ஐசோமெட்ரிக் தாளில் வரும் பிழைகள்: பார்த்ததும் கண்டுபிடித்துத் திருத்தும் வழி

திருத்த வந்த வரைதாளில் ‘நேர்த்தி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிது. அதனால் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆனாலும், +2-வில் பொறியியல் வரைகலை எடுத்த பெண் ஆனாலும், ஐசோமெட்ரிக் படத்தில் (ஒரு திடப்பொருளின் மூன்று முகங்களை ஒரே படத்தில் காட்டும் வரைபடம்) செய்யும் தவறு பெரும்பாலும் கை நடுங்கியதால் வருவதில்லை. அளவுகோலை வைக்கக் கூடாத திசையில் வைத்ததால் வருகிறது.

இந்த வரைபடத்தில் மூன்றே திசைகளில்தான் அளவுகோலை நம்பலாம். ஒன்று செங்குத்து. மற்ற இரண்டும் கிடைக்கோட்டிலிருந்து 30 பாகையில் ஏறுபவை. ஒன்று வலப்புறம், ஒன்று இடப்புறம். இந்த மூன்றுக்கும் இணையான கோடுகளில் பொருளின் அளவை அப்படியே குறிக்கலாம். வேறு எந்தக் கோட்டிலும் குறிக்க முடியாது. கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் பெரும்பகுதி, இந்த விதி எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பதைக் காட்டுபவை.

எனவே தாளைப் பார்த்ததும் ரப்பரை எடுக்கச் சொல்லாதீர்கள். “இந்தக் கோட்டின் நீளம் உனக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்று கேளுங்கள். பதிலிலேயே பிழையின் வேர் தெரிந்துவிடும்.

## முன்முகம் சதுரமாகவே நிற்கிறது, பக்கம் மட்டும் சாய்கிறது

இது முதல் வாரத்துப் பிழை. 40 மி.மீ. கனசதுரம் வரையச் சொன்னால், முதலில் ஒரு சதுரத்தை நேராகப் போட்டுவிட்டு, அதன் மூலைகளிலிருந்து பின்னோக்கிச் சாய்கோடுகளை இழுத்திருப்பார்கள். கணித நோட்டின் கட்டங்களில் பெட்டி வரைந்து பழகிய கை அது. அங்கே அது சரியான முறை. சாய்வு வரைபடம் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆகவே அதைத் தவறு என்று சொல்லி மாணவரின் நம்பிக்கையைக் கலைக்க வேண்டாம். ஒரே பெட்டியை இரண்டு முறையிலும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, இவை வெவ்வேறு முறைகள் என்று காட்டினால் போதும்.

மாணவர் முகத்திலிருந்து தொடங்குகிறார். ஐசோமெட்ரிக்கை மூலையிலிருந்து தொடங்க வேண்டும். நமக்கு மிக அருகில் இருக்கும் கீழ்மூலையைப் புள்ளியாகக் குறித்து, அதிலிருந்து நேர்மேலே ஒரு கோடு, வலப்புறம் 30 பாகையில் ஒன்று, இடப்புறம் 30 பாகையில் ஒன்று. இந்த மூன்று கோடுகளும் விழுந்துவிட்டால் சதுரம் நுழைய இடமே இருக்காது. முதல் வாரம் முழுக்க எந்தப் படத்தையும் முகத்திலிருந்து தொடங்க அனுமதிக்காதீர்கள்.

சில பிள்ளைகள் “பெட்டியின் முகம் சதுரம்தானே, அதை ஏன் சாய்சதுரமாக வரைய வேண்டும்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அவர்கள் கையில் ஒரு பகடையைக் கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அருகில் உள்ள மூலையும் அதற்கு நேரெதிரே பின்னால் இருக்கும் மூலையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்கோடு ஒழுங்கு அறுகோணமாகத் தெரியும். மூன்று முகங்களும் சம அளவில், மூன்றும் சாய்சதுரமாகத் தெரியும். பொருளை 45 பாகை திருப்பி, நம்மை நோக்கி 35 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்த்தால் கிடைக்கும் நிலை இதுதான். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறுபடி சதுரம் போடுவது அரிது.

## புள்ளித்தாளில் வரைந்தும் படம் படுத்துக் கிடக்கிறது

தாளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஐசோமெட்ரிக் புள்ளித்தாளில் ஒரு புள்ளிக்கு மிக அருகில் ஆறு புள்ளிகள் இருக்கும். சரியாக வைத்தால் அவற்றில் ஒன்று நேர்மேலே, ஒன்று நேர்கீழே இருக்க வேண்டும். அருகிலுள்ள புள்ளிகள் நேர் இடம், நேர் வலமாக வரிசை கட்டினால் தாள் பக்கவாட்டில் கிடக்கிறது என்று பொருள். நகல் எடுத்துக் கொடுக்கும் முன்பே தாளின் மேல்பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வெற்றுத்தாளில் வரைபவர்களின் கோணம் 30-இலிருந்து நழுவினால் பெரும்பாலும் மூலைமட்டம்தான் காரணம். பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களில் 45 பாகை உள்ளதை எடுத்திருப்பார்கள். அல்லது 30–60 மட்டத்தைத் தலைகீழாக வைத்து 60 பாகையில் இழுத்திருப்பார்கள். 60 ஆனால் பெட்டி ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும். 45 ஆனால் மேல்முகம் நம்மை நோக்கிச் சரிவதுபோல் இருக்கும். தூரத்திலிருந்தே இதைச் சொல்லிவிடலாம். டி-ஸ்கொயர் (T வடிவ நீள மட்டம்) இல்லாத வகுப்பில் இன்னொன்றும் நடக்கும்: மூலைமட்டத்துக்கு அடியில் வைத்த அளவுகோல் நகர்ந்துவிடும். அளவுகோலை இடக்கையின் இரண்டு விரல்களால் அழுத்தி, மற்ற விரல்களால் மட்டத்தை நகர்த்தப் பழக்குங்கள். இதற்கென்று பத்து நிமிடம் வெறும் இணைகோடுகள் இழுக்கும் பயிற்சி கொடுப்பது வீணான நேரம் இல்லை.

## சாய்ந்த விளிம்பு பொருந்தவில்லை

உயர்நிலை வகுப்புகளில் அதிகமான மதிப்பெண்ணைத் தின்னும் பிழை இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கணக்கு இப்படி: நீளம் 60, அகலம் 40, உயரம் 50 மி.மீ. உள்ள ஒரு கட்டை. மேல்விளிம்பில் இடமிருந்து 30 மி.மீ. வரை தட்டையாகச் சென்று, அங்கிருந்து வலப்பக்க விளிம்பில் 20 மி.மீ. உயரத்துக்குச் சரிவாக இறங்குகிறது. முன்தோற்றத்தில், அதாவது நேர் முன்னாலிருந்து பார்த்து வரைந்த படத்தில், அந்தச் சரிவின் கோணம் 45 பாகை.

“இந்தச் சரிவை எத்தனை மில்லிமீட்டரில் போட்டாய்?”

“42 சார்.”

“எப்படிக் கிடைத்தது?”

“முன்தோற்றத்தை வரைந்து அளந்தேன் சார். அப்புறம் கோணமானியில் 45 பாகை வைத்து இழுத்தேன்.”

மாணவர் சோம்பேறி இல்லை. முன்தோற்றத்தை ஒழுங்காக வரைந்து, ஒழுங்காக அளந்திருக்கிறார். ஆனால் அந்தச் சரிவு நம் மூன்று திசைகளில் எதற்கும் இணையாக இல்லை. ஆகவே அதன் உண்மையான நீளமான 42.4 ஐசோமெட்ரிக் தாளில் எங்கும் வராது. 45 பாகையும் வராது. கோணமானிக்கு இந்தத் தாளில் வேலையே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

திருத்தும் வழி: சரிவை வரையாதே, அதன் இரண்டு முனைகளைத் தேடு. முதலில் 60, 40, 50 அளவில் முழுப் பெட்டியை மெல்லிய கோட்டில் போட வேண்டும். முன்முகம் இடப்பக்கமும் வலது முனை வலப்பக்கமும் வரும்படி வைத்துக்கொள்ளலாம். மேல்விளிம்பில் இடக்கோடியிலிருந்து 30 அளந்து ஒரு புள்ளி. நம் அருகில் உள்ள செங்குத்து விளிம்பில் கீழிருந்து 20 அளந்து ஒரு புள்ளி. இரண்டு அளவும் நம்பத்தக்க திசைகளில் எடுத்தவை. இப்போது இரண்டையும் சேர். அந்தக் கோட்டை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 52 மி.மீ. இருக்கும். 42 எப்படி 52 ஆனது என்ற வியப்பு முகத்தில் தெரியும்போது பாடம் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சந்தேகப்படும் பிள்ளைக்கு ஒரு சிறு சோதனை. 40 மி.மீ. சதுர முகத்தை ஐசோமெட்ரிக்கில் வரைந்து, அதன் இரண்டு மூலைவிட்டங்களையும் போட்டு அளக்கச் சொல்லுங்கள். உண்மைச் சதுரத்தில் இரண்டும் சமம், 56.6 வீதம். தாளில் ஒன்று 69.3, மற்றது வெறும் 40. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், திசை மாறியதால் ஒன்று நீண்டும் மற்றது சுருங்கியும் போயின. ‘அளக்கக் கூடாத திசை’ என்று நூறு முறை சொல்வதைவிட இந்த அளத்தல் ஒன்று போதும்.

அறுகோணப் பட்டகம், பிரமிடு எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். அறுகோணத்தின் ஆறு பக்கங்களில் நான்கு சாய்கோடுகள். எனவே அறுகோணத்தைத் தனியாகத் தட்டையாக வரைந்து, சுற்றிலும் ஒரு செவ்வகம் போட்டு, ஒவ்வொரு மூலையும் செவ்வகத்தின் பக்கங்களில் எங்கே விழுகிறது என்று அளந்து எடுத்துப் போக வேண்டும். பிரமிடுக்கு அடித்தள மையத்திலிருந்து உயரத்தை நேர்மேலே அளந்து உச்சியைக் குறித்து, பிறகுதான் சாய்விளிம்புகள். இந்தத் துணைப்படத்தைப் பிள்ளைகள் தவிர்க்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

## சரிவான முகமே காணாமல் போய்விட்டது

மேலே சொன்ன கட்டையையே ஒருவர் முன்முகம் வலப்பக்கம் வரும்படி, இடது முனை தெரியும்படி வரைந்தால் விசித்திரம் ஒன்று நடக்கும். சரிவின் நீளம் 30 மி.மீ. ஆகச் சுருங்கும். அதோடு, அந்தக் கோடு அகலத்தின் திசைக்குச் சரியாக இணையாகிவிடும். சரிந்த முகத்தின் எல்லா விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். பிள்ளை பத்து முறை அழித்து வரைந்தும் அதே கோடுதான் வரும். தன்மேல் தவறு என்று நினைத்து அழுதுவிடவும் கூடும்.

தவறு வரைந்தவரிடம் இல்லை, பார்க்கும் திசையில் இருக்கிறது. 45 பாகைச் சரிவை, அது விலகிச் சாயும் பக்கத்திலிருந்து ஐசோமெட்ரிக்கில் பார்த்தால், நம் பார்வைக் கோடு அந்தத் தளத்தின் மேலேயே வழுக்கிப் போகிறது. தளம் விளிம்பு மட்டுமாகத் தெரிகிறது. மறுபக்கம் திருப்பி வரையச் சொல்லுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பார்வைத் திசையின் அம்புக்குறியைப் போடும் முன் அந்தக் கட்டையை ஒருமுறை தாமே வரைந்து பார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம்.

## வட்டம் எலுமிச்சை போல் கூர்கிறது, முட்டை போல் சரிகிறது

சாய்சதுரத்துக்குள் அமையும் நீள்வட்டத்தை நான்கு மையங்களால் வரைவதுதான் பள்ளியில் பழகும் முறை. 50 மி.மீ. விட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் 50 மி.மீ. பக்கமுள்ள சாய்சதுரம். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறிக்க வேண்டும். விரிகோண மூலைகள் இரண்டிலிருந்தும் எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்குக் கோடு இழுத்தால், அவை நீண்ட மூலைவிட்டத்தில் இரண்டு இடங்களில் வெட்டும். விரிகோண மூலைகள் பெரிய விற்களுக்கு மையம். வெட்டுப்புள்ளிகள் சிறிய விற்களுக்கு மையம். கவராயத்தைத் திறந்து சரிபார்க்க: பெரிய வில்லின் ஆரம் 43.3, சிறியது 14.4 வர வேண்டும்.

எலுமிச்சை போல் இரு முனையும் கூர்ந்திருந்தால், சிறிய விற்களுக்கு ஆரம் தவறு. அல்லது பெரிய விற்களையே நீட்டி ஒன்றோடொன்று முட்டவிட்டிருக்கிறார். நான்கு விற்களும் நடுப்புள்ளிகளில்தான் கைமாற வேண்டும். அந்த நான்கு புள்ளிகளையும் தெளிவாகக் குறிக்காமல் கவராயத்தைத் தொடக்கூடாது என்று விதி வையுங்கள். முட்டை போல் ஒருபக்கம் பருத்திருந்தால் நடுப்புள்ளிகளில் ஒன்று நகர்ந்திருக்கிறது. சாய்சதுரத்தின் பக்கங்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் 50 இல்லாமல் 48 இருக்கும்.

வடிவம் சரி, ஆனால் வட்டம் முகத்தில் ஒட்டாமல் மிதக்கிறது என்றால், நீள்வட்டம் வேறு முகத்துக்குரியது. மேல்முகத்தில் கிடக்க வேண்டியதைப் பக்கமுகத்தில் போட்டிருப்பார்கள். வாய்பாடு எதுவும் வேண்டாம். “அந்தத் துளைக்குள் உன் பென்சிலை நேராக விட்டால் அது எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும்?” என்று கேளுங்கள். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு எப்போதும் அந்தப் பென்சிலுக்குச் செங்குத்து. மேல்முகத்துத் துளையில் பென்சில் நேராக நிற்கும். எனவே நீண்ட அச்சு கிடையாக இருக்கும். பக்கமுகங்களில் அது கிடைக்கோட்டுக்கு 60 பாகையில் சாயும்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கணினியில் வரைந்த நீள்வட்டத்தோடு தன்னுடையதை ஒப்பிட்டு “சார், பொருந்தவில்லை” என்று வரலாம். அவர் சொல்வது உண்மை. நான்கு மைய முறை தோராயம்தான். 50 மி.மீ. வட்டத்துக்கு உண்மையான நீள்வட்டம் 61.2 நீளமும் 35.4 அகலமும் இருக்க வேண்டும். நம் முறையில் 57.7, 36.6 வருகிறது. பள்ளித் தாளுக்கு இது ஏற்கப்பட்ட முறை என்று சொல்லுங்கள். கூடவே, வட்டத்தின் மேல் பல புள்ளிகளை எடுத்து ஒவ்வொன்றையும் இரு திசை அளவுகளால் இடம்மாற்றி இணைத்தால் உண்மையான நீள்வட்டம் கிடைக்கும் என்பதையும் காட்டிவிடுங்கள்.

துளையின் பின்விளிம்பை வரைய வேண்டுமா? பாதி வகுப்பு எப்போதும் போடும், பாதி வகுப்பு ஒருபோதும் போடாது. தகட்டின் தடிமன் துளை விட்டத்தின் 0.7 மடங்குக்குக் குறைவாக இருந்தால் பின்விளிம்பின் ஒரு பகுதி தெரியும், அதிகமானால் தெரியாது. 30 மி.மீ. துளை, 15 மி.மீ. தடிமன் என்றால் தெரியும். தடிமன் 25 என்றால் தெரியாது. எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விற்களின் மையங்களைத் தகட்டின் தடிமன் திசையில் அந்தத் தடிமன் அளவுக்குப் பின்னே தள்ளி அதே ஆரங்களில் மெல்லிய விற்களைப் போட்டால், முன் நீள்வட்டத்துக்குள் விழும் பகுதி தானே தெரிந்துவிடும்.

உருண்ட மூலை. 10 மி.மீ. ஆரத்தில் மூலையை உருட்டச் சொன்னால் கவராயத்தில் 10 வைத்து வில் போட்டுவிடுவார்கள். மூலையிலிருந்து இரு விளிம்புகளிலும் 10 அளந்து, அந்தப் புள்ளிகளில் விளிம்புகளுக்குச் செங்குத்துகள் எழுப்ப வேண்டும். அவை சந்திக்கும் இடமே மையம். விரிகோண மூலையில் ஆரம் 17.3 ஆகவும், குறுங்கோண மூலையில் 5.8 ஆகவும் வரும். 10 எங்கும் வராது.

## கோளம் கட்டைக்குள் அமிழ்ந்துவிட்டது

+2 மாணவர்கள் மிகவும் குழம்பும் இடம். கட்டையின் மேல் 50 மி.மீ. விட்டமுள்ள கோளம் இருக்கிறது. உண்மையான 100 மி.மீ.-ஐச் சுமார் 82 மி.மீ. ஆகச் சுருக்கிக் காட்டும் ஐசோமெட்ரிக் அளவுகோலைப் பயன்படுத்தி வரைகிறார்கள் (அதை அமைக்கும் வழி அடுத்த பகுதியில் வருகிறது). கோளம் தொடும் புள்ளியைக் கண்டு, அதிலிருந்து மேலே மையத்தைக் குறித்து, வட்டம் போட்டால், வட்டத்தின் அடி தொடும் புள்ளிக்கும் கீழே இறங்கி நிற்கிறது. பயந்துபோய் ஆரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நுழைகிறது.

படம் அமிழ்ந்துதான் தெரிய வேண்டும். தொடும் புள்ளியிலிருந்து மையம் வரையுள்ள உயரம் செங்குத்துத் திசை அளவு. எனவே அது ஐசோமெட்ரிக் அளவில் சுருங்கி 20.4 ஆகிறது. ஆனால் கோளத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதன் வெளிக்கோடு உண்மை ஆரமுள்ள வட்டமே. ஆகவே வட்டத்தின் ஆரம் 25. வித்தியாசமான 4.6 மி.மீ. தொடும் புள்ளிக்குக் கீழே இறங்குகிறது. மேலிருந்து பார்க்கும்போது கோளத்தின் முன்வயிறு தொடும் புள்ளியை மறைக்கிறது, அவ்வளவுதான். மேசையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து மேலிருந்து பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

சுருக்காத முழு அளவில் வரையும் வகுப்பில் இதே கோளத்துக்கு மையம் 25 உயரத்திலும், ஆரம் 30.6 ஆகவும் இருக்க வேண்டும். விகிதம் மாறவில்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் அளவுகள் ஒன்றோடொன்று சேரவில்லை

ஒரே படத்தில் உயரத்தை உண்மை அளவிலும் நீளத்தைச் சுருக்கிய அளவிலும் எடுத்திருப்பார்கள். ஐசோமெட்ரிக் அளவுகோலில் உண்மையான 100 மி.மீ. சுமார் 82 மி.மீ. ஆகிறது. ஒரு கிடைக்கோட்டின் ஒரே முனையிலிருந்து 45 பாகையிலும் 30 பாகையிலும் இரண்டு கோடுகள் இழுத்து, 45 பாகைக் கோட்டில் உண்மை அளவுகளைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாக 30 பாகைக் கோட்டில் இறக்கினால் அளவுகோல் தயார். பிள்ளைகள் கோணங்களை இடம்மாற்றிப் போட்டால் அளவுகோல் சுருங்குவதற்குப் பதில் நீளும். 100 என்று குறித்த இடம் 100-ஐவிடத் தள்ளிப் போயிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

சி.பி.எஸ்.இ. +2 பாடத்தில் இந்த அளவுகோலைக் கொண்டுதான் திடப்பொருள்களை வரைய வேண்டும். கீழ்வகுப்புகளில் அதை அவசரப்பட்டுப் புகுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று திசைகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், சுருக்காமல் வரைந்தாலும் படத்தின் உருவம் மாறாது. பெரிதாகத் தெரியும், அவ்வளவே. உருவம் கைவந்த பின் அளவுகோலைக் கொடுத்தால் ஒரே பாடவேளையில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தி 1822-இல் கட்டுரையாக வெளியிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். வகுப்பில் இயந்திர மாதிரிகளைப் பூட்டிக் காட்டுவார். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டு, அடுத்த வகுப்புக்கு அதே பாகங்களால் வேறொன்றைப் பூட்ட வேண்டும். உதவியாளர்கள் படத்தைப் பார்த்தே சரியாகப் பூட்டும்படியான வரைபடம் அவருக்குத் தேவைப்பட்டது. படத்தில் அளவுகோலை வைத்தால் பொருளின் அளவு கிடைக்க வேண்டும் என்பதே இந்த முறை பிறந்த காரணம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஏன் மூன்று திசைகளைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு என்பது அவர்களுக்குப் புரியும்.

## கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறியிருக்கிறது

கட்டை அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் இருக்க வேண்டிய பள்ளம் இடப்பக்கம் வந்துவிட்டது. இது ஐசோமெட்ரிக் பிழையே இல்லை. மூன்று தோற்றங்களைப் படிப்பதில் வந்த பிழை.

நம் பள்ளிகளில் பழக்கத்தில் இருப்பது முதற்கோண முறை. அதில் இடப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்தின் வலப்புறம் வரையப்படும். மேல்தோற்றம் கீழே வரும். வலப்புறம் இருப்பதால் அது வலப்பக்கம் என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார். இதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் தேர்வறையில் மறந்துபோகும். ஒரு தீப்பெட்டியின் ஆறு பக்கங்களிலும் முன், மேல், இடம் என்று எழுதி, முன்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி தாளில் படுக்க வையுங்கள். பெட்டியின் தலை நமக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வலப்புறமாக ஒரு புரட்டு. ‘இடம்’ மேலே வரும். மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நம்மை நோக்கி ஒரு புரட்டு. ‘மேல்’ என்பது மேலே வரும், அதுவும் முன்தோற்றத்துக்குக் கீழே. புரட்டிய இடத்திலேயே பென்சிலால் சுற்றி வரைந்தால் முதற்கோண முறைப்படி மூன்று தோற்றங்களும் தாளில் கிடைத்துவிடும்.

## படிக்கட்டு உள்ளே குழிவாகத் தெரிகிறது. கோடுகள் கூடவோ குறையவோ இருக்கின்றன

எல்லா மறைகோடுகளையும் வரைந்துவிட்ட படத்தில் இது நடக்கும். கனசதுரத்தின் பன்னிரண்டு விளிம்புகளையும் கம்பிக்கூடு போல் வரைந்தால் கண் எது முன், எது பின் என்று முடிவு செய்ய முடியாமல் புரட்டிக்கொண்டே இருக்கும். ஸ்விட்சர்லாந்தின் படிகவியல் அறிஞர் நெக்கர் 1832-லேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. ஐசோமெட்ரிக்கில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் முன்மூலையும் பின்மூலையும் ஒரே புள்ளியில் விழுந்துவிடும். அதனால்தான் இந்த வரைபடத்தில் மறைவிளிம்புகளை வழக்கமாகப் போடுவதில்லை. அழிக்கச் சொல்லுங்கள், முகங்களுக்கு மூன்று விதமாக லேசாக நிழல் கொடுக்கச் சொல்லுங்கள். குழப்பம் போய்விடும்.

கோடு விடுபட்டிருந்தால் அது பெரும்பாலும் வெட்டி எடுத்த பள்ளத்தின் உட்புற விளிம்பு. “இந்தக் கோடு எந்த இரண்டு முகங்கள் சந்திக்கும் இடம்?” என்று ஒவ்வொரு கோட்டுக்கும் கேட்டுக்கொண்டே போனால், அதிகப்படியான கோட்டுக்குப் பதில் இருக்காது, விடுபட்ட இடத்தில் இரண்டு முகங்கள் சந்தித்தும் கோடு இருக்காது.

துணைக்கோடுகள் இறுதிக் கோட்டைவிடக் கருமையாக இருந்தால், பெட்டியை 2எச் பென்சிலிலும் முடிவான விளிம்புகளை எச்பியிலும் போடப் பழக்குங்கள். அளவுகளை எழுதும் கோடுகளும் மூன்று திசைகளில் ஒன்றுக்கு இணையாகவே ஓட வேண்டும்.

## கரும்பலகையைப் பார்த்து அழகாக வரைகிறார். தனியாகக் கொடுத்தால் முடியவில்லை

இந்த அறிகுறிதான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, ஏனென்றால் தாள் சுத்தமாக இருப்பதால் ஆசிரியர் கண்ணில் படாமலே வருடம் ஓடிவிடும். கரும்பலகையில் நாம் கோடு கோடாக வரைய, அவர்கள் கோடு கோடாக எடுக்கிறார்கள். பொருள் அவர்கள் மனத்தில் இல்லவே இல்லை.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “இதே கட்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து வரை.” நகலெடுத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். அவருக்கு இன்னும் பத்துப் படம் கொடுப்பதில் பயனில்லை. பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். சலவை சோப்புக் கட்டி ஒன்றும் பழைய கத்தி ஒன்றும் போதும். முழுக்கட்டியை முதலில் வரையட்டும். பிறகு ஒரு மூலையை ஆசிரியர் வெட்டி எடுக்க, மாணவர் அதே வெட்டைப் படத்தில் செய்யட்டும். அடுத்து ஒரு பள்ளம், அடுத்து ஒரு சரிவு. வெட்டும் ஒவ்வொரு அளவும் மூன்று திசைகளில் எதில் எடுக்கப்பட்டது என்பது கண்முன்னே நடக்கும். பெட்டியிலிருந்து குறைத்துக்கொண்டே வருவதுதான் ஐசோமெட்ரிக் என்பதைக் கை கற்றுக்கொள்ளும்.

## தாள் வெற்றாகவே வருகிறது

‘எனக்கு டிராயிங் வராது’ என்று முடிவு செய்துவிட்ட பிள்ளை இது. ஓவியம் வராததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்.

அடுத்த வகுப்பில் அவருக்கு மட்டும், நீங்களே மெல்லிய கோட்டில் வரைந்த 60, 40, 50 பெட்டி உள்ள தாளைக் கொடுங்கள். வேலை ஒன்றே ஒன்று: மேல் வலது மூலையிலிருந்து 20 நீளம், 20 உயரம் கொண்ட ஒரு துண்டை முழு அகலத்துக்கும் எடுத்துவிடு. நான்கு அளவுகள், சில இணைகோடுகள், கொஞ்சம் அழித்தல். பதினைந்து நிமிடத்தில் ஒரு படிக்கட்டு நிற்கும். அடுத்த தாளில் பெட்டியின் மூன்று கோடுகளை மட்டும் போட்டுக் கொடுங்கள். மீதிப் பெட்டியை அவர் முடிக்கட்டும். அதற்கடுத்த தாளில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் போதும்.